மூன்று புது இறகுகள்

புறா வளர்க்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணங்கள் பிடிக்காது, மேடம். பத்திரிகையைப் பிரித்ததும் மாப்பிள்ளை பெயரைப் பார்க்கமாட்டோம், கிழமையைத்தான் பார்ப்போம். என் சொந்தச் சித்தி மகள் கல்யாணத்துக்கே நான் பந்தி முடிகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அன்று காலை வெள்ளிமலையில் புறாக்களை விட்டிருந்தோம். எல்லாம் வந்து சேர்ந்ததைப் பார்க்காமல் எப்படிக் கிளம்புவது?

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் முதலில் கேட்டது எல்லோரும் கேட்பதுதான். அவ்வளவு தூரத்திலிருந்து அதற்கு எப்படி வழி தெரிகிறது என்று. என் கணவர் தீனதயாளன் இதற்கு ஒரே பதில்தான் வைத்திருந்தார். கடையில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொல்வார்: “வழி இன்னா வழி? அதுக்கு வழியெல்லாம் தெரியாது. வூடு தெரியும். அவ்ளோதான்.” பூமியின் காந்தத்தை வைத்து வருகிறதாம் என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னபோது சிரித்தார். “காந்தம் என் கடையிலயும்தான் கீது. ரிப்பேருக்கு வந்த ஒரு மோட்டாராவது தானா வூட்டுக்குத் திரும்பிப் போயிருக்கா?”

அவர் அப்படித்தான். சிரிக்க வைத்துவிடுவார். அவரைப் பற்றி நான் குறையாக எதுவும் சொல்லப்போவதில்லை.

நாங்கள் வளர்த்தது ஹோமர் ரகம். பந்தயப் புறா. மாடிப்படி அறையின் மேல் தளத்தில் கூண்டு. பந்தயத்துக்கு முன்னால் பழக்க வேண்டும். முதலில் பக்கத்து ஊரில் கொண்டுபோய் விடுவோம், பிறகு கச்சிராயபாளையம், பிறகு மலை. கல்யாணமான புதிதில் ஒவ்வொரு ஞாயிறும் விடிந்ததும் கிளம்பிவிடுவோம். அவர் வண்டி ஓட்டுவார், நான் பின்னால் மூங்கில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கோமுகி அணை தாண்டி வளைவுகளில் ஏறும்போது கூடைக்குள் இருக்கும் சூடு என் வயிற்றில் தெரியும். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

புறாவை எப்படிப் பிடிப்பது என்று அவர்தான் கற்றுக்கொடுத்தார். என் கையைத் தன் கைக்குள் வைத்து, அதன் கால்கள் என் விரலிடுக்கில் வருகிற மாதிரி. “இறுக்காத மலரு. வுட்டுடவும் கூடாது.” வெள்ளிமலைப் பக்கம் காற்று ஈரமாக இருக்கும். அவர் மூச்சு என் காதோரம் படும். அதைவிட அன்பாக ஒருவர் இன்னொருவரிடம் பேச முடியும் என்று எனக்குத் தோன்றியதில்லை. பிறகு கூடையைத் திறப்போம். அவை மேலே ஒரு சுற்று சுற்றி, கிழக்கே திரும்பும். “ஏறு ஏறு” என்று அவர் வண்டியை உதைப்பார். புறாக்களை முந்திக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டும் என்பது எங்கள் விளையாட்டு. ஒருநாளும் ஜெயித்ததில்லை. நாங்கள் மாடியேறும்போது அவை தண்ணீர் குடித்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

போன வருடம் அவர் அந்த விளையாட்டை மாற்றினார். “நீ மாடியில நில்லு மலரு. எது மொதல்ல வருதுன்னு பார்த்து வையி. நாம ரெண்டு பேரும் வண்டியில வந்துகினு இருந்தா யாரு பார்க்கறது?” என்றார். நியாயம்தானே. அதிலிருந்து அவர் மட்டும் மலைக்குப் போனார். நான் மாடியில் கம்பு டப்பாவைக் குலுக்கிக்கொண்டு நின்றேன். புறாக்கள் சீக்கிரம் வந்துவிடும். அவர் மத்தியானம் வருவார். மலைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் வடக்கனந்தல் என்று ஒரு ஊர் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் ஒரு ஊராக மட்டும்தான் நினைத்திருந்தேன்.

தூறல் என்று எங்களிடம் ஒரு பெட்டைப் புறா இருந்தது. கழுத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். அந்தப் பெயரை வைத்தது நான். ஒரு ஞாயிறு அவர் வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே, “தூறல வல்லூறு அடிச்சுடுச்சு மலரு. என் கண்ணு முன்னாடியே தூக்கிகினு போயிடுச்சு” என்றார். நான் அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். அன்று சமையலைக்கூட அவர்தான் செய்தார்.

ஆனியில் முதல் மழை பெய்த வாரம், ஒரு வேலை நாளில், நான் துணி காயப்போட மாடிக்குப் போனேன். தூறல் தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். வல்லூறு அடித்த பறவைக்கு முதுகில் தழும்பு இருக்கும். இதற்கு இல்லை. நகங்களில் ரோஸ் கலரில் நெயில் பாலிஷ் போட்டிருந்தது, ஒரு விரலில்கூட வெளியே வழியாமல், பொறுமையாக. வலது இறக்கையை விரித்துப் பார்த்தேன். ஓரத்தில் மூன்று இறகுகள் மற்றவற்றைவிடக் குட்டையாக, புது மினுமினுப்போடு இருந்தன.

இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். வளர்ந்த ஹோமரை வேறு வீட்டுக்குக் கொடுத்தால் அது அங்கே தங்காது. திறந்தால் பழைய வீட்டுக்கே பறந்துவிடும். அதனால் கொடுக்கிறவர்கள் ஒரு பக்க இறக்கையில் சில இறகுகளைப் பிடுங்கிவிடுவார்கள். பறக்க முடியாது. அந்த இடத்தில் இரை தின்று, ஜோடி சேர்ந்து, அதுதான் தன் வீடு என்று பழகிப்போகும். ஆனால் பிடுங்கிய இறகு சில வாரங்களில் முளைத்துவிடும். பறவை பழகுவதற்கு முன்னால் அது முளைத்துவிட்டால் மறுபடியும் பிடுங்க வேண்டும். தூறலுக்கு யாரோ மறுபடியும் பிடுங்காமல் விட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் அவர் வந்தார். நான் தூறலைக் கூடத்து மேஜைமேல் விட்டிருந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார்.

“அடியே பட்டு, நீ எங்கடி இங்க வந்த?”

அந்தப் பெயர் எங்கள் வீட்டில் யாரும் வைத்த பெயர் இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கும் அது புரிந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“பட்டுன்னு யாருங்க பேரு வெச்சது?” என்று கேட்டேன்.

நல்ல மனிதர், மேடம். பொய் சொல்ல முயற்சிகூடச் செய்யவில்லை. வடக்கனந்தல் எழில்மதி. வீட்டுக்காரர் இறந்தவள். கிணற்று மோட்டார் எரிந்துபோய்க் கடைக்கு வந்திருக்கிறாள். இவர் மாட்டிக்கொடுக்கப் போயிருக்கிறார். தையல் மெஷினுக்கும் ஒரு மோட்டார் வைத்துக்கொடுத்திருக்கிறார். மலைக்குப் போகும் ஞாயிறுகளில் புறாக்களை விட்டுவிட்டு, இறங்கி வந்து, அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். நான் மாடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்.

“அவளுக்கும் புறான்னா உசுரு” என்றார். பெருமையாகக்கூடச் சொன்னார்.

“எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக்குடுத்தீங்களா?”

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நீங்கள் பல கேஸ் பார்த்திருப்பீர்கள். எந்த இடத்தில் மனசு விட்டுப்போச்சு என்று கேட்பீர்கள். இந்த இடத்தில்தான். மற்றதைத் தாங்கிக்கொண்டிருப்பேன். இறுக்காத, வுட்டுடவும் கூடாது என்ற அந்த இரண்டு வார்த்தைகளை அவர் வேறு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

“கொஞ்ச நாளா சொல்லிடலாம்னுதான் பார்த்துகினு இருந்தேன். நான் அங்கயே போயிடறேன் மலரு. வூடு உன் பேர்ல இருக்கட்டும். செலவுக்குக் கம்மி பண்ண மாட்டேன்” என்றார். அமாவாசை போகட்டும், பிறகு புறாக்களை எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் சரி என்றேன். தோசை ஊற்றினேன். சாப்பிட்டார்.

சொன்ன மாதிரியே அமாவாசை கழிந்து கூடைகளை எடுத்து வைத்தார். கூண்டுக்கு ஏற எங்களிடம் ஒரு சாய்வு ஏணி உண்டு. கீழே பதித்திருக்கும் தட்டோடு வழுக்கும் என்பதால் அவர் ஏறும்போதெல்லாம் நான்தான் அடியில் பிடித்துக்கொள்வேன். வந்த நாளிலிருந்து அது என் வேலை. அன்றும் மேலே ஏறப் போனவர் திரும்பிப் பார்த்து, “ஏணியப் புடி மலரு” என்றார்.

என்னை விட்டுப் போவதற்கு என்னையே ஏணி பிடிக்கச் சொல்கிறார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பழக்கம்தான். நான் பிடித்தேன். அவர் முதல் கூடையோடு இறங்கும்போது ஏணி வழுக்கியது. விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது. கூடை திறந்துகொண்டு புறாக்கள் எல்லாம் பறந்தன. வானத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, பழையபடி எங்கள் கூண்டின்மேலேயே வந்து உட்கார்ந்தன. அவர் தரையில் கிடந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு இருந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் இனிக்கிறது. அவருக்கு முகம் கழுவிவிடுவேன், ஷேவ் செய்துவிடுவேன். தலையணையை உயர்த்தி வைத்து, ஜன்னல் வழியாகப் புறாக்கள் சுற்றுவதைக் காட்டுவேன். அவர் ஜோக் சொல்வார். “மோட்டாரு எரிஞ்சா காயில் கட்டலாம். ஆளு எரிஞ்சா இன்னா பண்றது மலரு?” பக்கத்துத் தெருப் பெண்கள் எல்லாம் என்னைப் பார்த்து, இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள் என்றார்கள். அவரும் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

எழில்மதி ஒருநாள் ஆப்பிளோடு வந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். அழகாகத்தான் இருந்தாள், ஆனால் புடவையைச் சரியாகக் கட்டத் தெரியவில்லை. வாசல் வரைக்கும் வழியனுப்பும்போது கேட்டேன்.

“தூறலுக்கு ஏம்மா மறுபடியும் இறகு பிடுங்கல?”

“அவரு சொல்லிதான்க்கா இருந்தாரு. ரெண்டாந்தபா புடுங்கணும், நீயே புடுங்கிடுன்னு. ஒண்ணத் தொட்டேன். ரத்தமா வருது. அது என்னையே பார்க்குதுக்கா. மனசு வரல.”

“மனசு வரலன்னா புறா தங்காதே.”

“போனா போவுது, உசுரோட இருந்தா போதும்னு வுட்டுட்டேன்” என்று சிரித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “அவரு நடக்க ஆரம்பிச்சதும் அங்க கூட்டிகினு போயிடறேன்க்கா. உங்களுக்கும் எத்தினி நாளு தொந்தரவு குடுக்கறது?” என்றாள்.

மரியாதையான பெண். கோபப்பட எனக்கு அவள் இடமே தரவில்லை.

பிசியோதெரபி செய்ய தேவதர்ஷினி என்று ஒரு பெண் வருவாள். சின்ன வயசு. “அங்கிள், ஒழுங்கா மடக்கலன்னா நான் ஃபீஸ ஏத்திடுவேன்” என்று மிரட்டுவாள். கெட்டிக்காரி. அவள் வந்த பிறகு வாக்கர் பிடித்து நின்றார். பிறகு சுவரைப் பிடித்து நடந்தார். ஒரு காலையில் நான் காபியோடு அறைக்குள் போனபோது அவர் எதையும் பிடிக்காமல் ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வெயில் முகத்தில் விழுந்திருந்தது. நான் கைதட்டினேன், மேடம். உண்மையாகவே எனக்குச் சந்தோஷம். அவரும் சிரித்தார். அடுத்த நிமிடம் போனை எடுத்து, நான் அங்கேயே நிற்பதைக்கூட மறந்துவிட்டு, “நிக்கறேன் எழிலு. ஒண்ணும் புடிக்காம நிக்கறேன். தீவாளிக்கு அங்க வந்துடுவேன்” என்றார்.

காபியை மேஜைமேல் வைத்தேன். அப்போது எனக்குத் தோன்றியது, எழில்மதி செய்த தவறை நான் செய்யக் கூடாது என்பதுதான். அவளுக்கு அவர் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். இரக்கப்பட்டு விட்டுவிட்டாள். பழகுவதற்கு முன்னால் முளைத்துவிட்டால் மறுபடியும் செய்ய வேண்டும். கொடுமைக்காகச் செய்வதில்லை. அந்தப் பறவை ஒரு இடத்தில் நிம்மதியாக இருப்பதற்காகச் செய்வது.

அன்று குளியலறையைத் தேய்த்துக் கழுவினேன். வாக்கரைக் கூடத்தில் எடுத்து வைத்தேன். தரையில் சோப்புத் தண்ணீர் இருக்கும்போதே, வெந்நீர் விளாவியாச்சு, நீங்களே நடந்து வாங்க பார்க்கலாம் என்று கூப்பிட்டேன். பெருமையாக வந்தார். இந்த முறை முழங்காலுக்குக் கீழே.

ஆஸ்பத்திரியில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இழுத்துக்கொள்ளவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு அவர் ஜோக் சொல்வது குறைந்துவிட்டது. வலி இருக்குமல்லவா? தீபாவளி போனது. பொங்கல் போனது. எழில்மதி போன் செய்வதும் குறைந்தது. தூங்குவதற்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். மறுபடியும் தேவதர்ஷினி வர ஆரம்பித்தாள். “நீங்க வெளிய இருங்க ஆன்ட்டி, நீங்க பக்கத்துல இருந்தா அங்கிள் உடம்ப இறுக்கிக்கறாரு” என்றாள் ஒருநாள். விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று நினைத்தேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்து பச்சைப்பயறு புடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் அடிக்குரலில் கேட்டார்: “படி எறங்கற அளவுக்கு எப்போம்மா வரும்? வாசல்ல இருந்து ஆட்டோ வரைக்கும் போனா போதும்.”

அவள் சீக்கிரம் வந்துவிடும் என்றாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை கொடுத்தேன். அவருக்குப் பிடித்த சுண்டைக்காய் வற்றல் குழம்பு வைத்திருந்தேன். நன்றாகச் சாப்பிட்டார். வெயிலாக இருந்ததால் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன். அவர் தூங்கிய பிறகு காலுக்கு அடியில் தலையணையைச் சரிசெய்து, சமையலறையிலிருந்து அம்மிக் குழவியை எடுத்து வந்தேன். அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு காலுக்கும் சேர்த்துத்தான். ஒரு காலை மட்டும் விட்டால் அது தன் போக்கில் வேலை செய்யும் என்று முந்தைய தடவையே பார்த்துவிட்டேன்.

அவர் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தபோது கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்றேன். அவரும் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டும் என்றிருந்தால் சொல்லியிருக்கலாமே. எத்தனை பெண்களுக்கு இப்படி விட்டுக்கொடுக்காத கணவர் கிடைப்பார்? எக்ஸ்ரேயைப் பார்த்து, இது விழுந்து உடைந்த எலும்பு இல்லை என்று உங்களுக்குப் போன் செய்தவள் தேவதர்ஷினி. அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

முதல் தடவையைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அதில் சந்தேகமே வரவில்லை போலிருக்கிறது. ஏணி வழுக்கியது என்று நான் சொன்னதும் உண்மைதான். நான் தள்ளவில்லை. அவர் நாலாவது படியில் கால் வைக்கும்போது என் நெற்றியில் முடி விழுந்தது. ஒதுக்கிவிட இரண்டு கையையும் எடுத்தேன். ஒரு கை போதும் என்று எனக்குத் தெரியும். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்று தடவையும் நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை.

அவர் உங்களிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கமாட்டேன். டிஸ்சார்ஜ் ஆனால் யார் வந்து கூட்டிப்போவது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம், அவர் ஒரு பெயர் சொன்னாராம். உங்கள் ரைட்டர் அதை உங்களிடம் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். தேவையில்லை. வலியில் இருக்கிற மனுஷன் ஆயிரம் பெயர் சொல்வார்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அவருக்குக் கால் கூடி, நடக்கத் தொடங்கியதும், ஒரு காலை வேளையில் ஆஸ்பத்திரி வாசலில் அவரைத் தனியாக விட்டுப் பாருங்கள். யாரும் கையைப் பிடிக்க வேண்டாம், வண்டியும் வேண்டாம். எந்தப் பக்கம் திரும்புவார் என்று எனக்குத் தெரியும். வடக்கனந்தல் பஸ் நிற்கிற பக்கம் திரும்பமாட்டார். அப்படியே திரும்பினாலும், அது மருந்து மயக்கத்தில் வழி தப்பியதாகத்தான் இருக்கும்.